சேட்டின் குறட்டை நின்ற இரவு

குறட்டைச் சத்தத்தில் தூக்கம் கலைந்து எழுந்தவர்களைப் பார்த்திருப்பீர்கள். நான் அன்றைக்குக் குறட்டைச் சத்தம் கேட்காததால் எழுந்தேன்.

எழுந்தேன் என்று சொல்வதுகூடச் சரியில்லை. கண் திறந்தது. நெற்றிப்பொட்டில் யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்துகிற மாதிரி தலை கனத்தது. பக்கத்தில் எங்கள் வீட்டுக்காரர், அவருக்கு அந்தப் பக்கம் மகள் திவ்யா. இரண்டு பேரும் கம்பளிக்குள் இருந்தார்கள். கீழே, நாங்கள் இட்லி அவிக்கிற அறையில், எங்கள் நாய் சேட்டு படுத்திருந்தான்.

சேட்டின் குறட்டை சாதாரணக் குறட்டை இல்லை. பலகைத் தரையைத் துளைத்துக்கொண்டு மேலே வரும். கிரைண்டரில் கடைசி உளுந்து அரைபடும்போது ஒரு கரகரப்பு வருமே, அது மாதிரி. தூங்கப் போகும்போது கேட்டுக்கொண்டிருந்த அந்தச் சத்தம் இப்போது இல்லை.

'குளிர் தாங்காமல் செத்துவிட்டான்.' முதலில் வந்த நினைப்பு அதுதான்.

கீழே இறங்க ஒரு இரும்பு ஏணி. ஏணி முடிகிற இடத்தில், எங்கள் தரையில், ஒரு மரமூடி. அந்த மூடியின் கொண்டியில் கையை வைத்துவிட்டேன். தூக்கப் பயமாக இருந்தது. தூக்கினால் தெரிந்துவிடும். தூக்காதவரை சேட்டு உயிரோடு இருக்கிறான்.

வாடகை வாங்க வந்தவன்

மூடியைத் தூக்குவதற்கு முன்னால் சேட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். போன வாரம் நான் இங்கே எழுதிய கிரைண்டர் கதையைப் படித்துவிட்டு, "உங்க வீட்ல நாய் உண்டா? ஒரு இடத்துல சொல்லிட்டு அப்படியே விட்டுட்டீங்களே" என்று பாண்டுப்பிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார். உண்டு. விட்டதற்குக் காரணமும் உண்டு. வெட்கம்தான்.

எங்கள் வீடு தாராவியில், தொண்ணூறடி ரோட்டிலிருந்து பிரிந்து, பிரிந்து, மறுபடியும் பிரிகிற ஒரு சந்தில் இருக்கிறது. கீழே தொழில், மேலே தூக்கம். அந்தச் சந்தில் முக்கால்வாசி வீடு இட்லி வீடுதான். விடிவதற்குள் அவித்து, விடிந்ததும் ஆண்கள் சைக்கிளில் கட்டிக்கொண்டு கிளம்புவார்கள்.

திவ்யா மூன்றாம் வகுப்பு படிக்கும்போது ஸ்கூல் பைக்குள் ஒரு குட்டியைப் போட்டுக் கொண்டுவந்தாள். பைக்குள்ளிருந்து எடுத்து வாசல்படியில் விட்டதும், அது இரண்டு முன்னங்காலையும் ஒன்றன்மேல் ஒன்று போட்டுக்கொண்டு, போகிற வருகிறவர்களை முறைத்துப் பார்த்தது.

பக்கத்து வீட்டு இசக்கியக்கா தண்ணீர்க் குடத்தை இறக்கிவைத்துவிட்டு ஒரு நிமிடம் பார்த்தாள். "ஏட்டி செல்வி, வாடகை வாங்க வந்த சேட்டு மாதிரில்லா உக்காந்திருக்கு!"

அவ்வளவுதான், பேர் வைத்தாயிற்று. இசக்கியக்கா சொன்னால் சந்தே சொல்லும். நான் ஊர்க்காரர்கள் பேச்சையெல்லாம் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி வைக்கிறவள். இட்லி மடிக்கிற பேப்பரைப் பார்த்துத்தான் எழுத்தே கற்றுக்கொண்டேன். அந்தத் தாள்களில் பாதி இசக்கியக்கா சொன்னதாகத்தான் இருக்கும். அவளுடைய வாயை ரசிப்பேன், அந்த வாய்க்குப் பயப்படவும் செய்வேன்.

சேட்டுக்கு இடம் வாசல்படி. உள்ளே கால் வைக்கக் கூடாது. இது எங்கள் வீட்டுச் சட்டம். "ஒத்த ரோமம் இட்லியில கெடந்தா, கொப்பரையக் கவுத்திப் போட்டுட்டு நாம ஊருக்கு ரயில் ஏற வேண்டியதுதான்" என்பார் எங்கள் வீட்டுக்காரர். சேட்டும் அதற்குக் கட்டுப்பட்டவன்தான். மழைக்காலத்தில் தண்ணீர் படிவரை ஏறும்போதுகூட, ஓரமாக நின்று என்னைப் பார்ப்பானே தவிர உள்ளே வரமாட்டான்.

மாவுக்கும் குளிரும்

பம்பாய்க் குளிரைக் கேட்டால் வடக்கத்திக்காரர்கள் சிரிப்பார்கள். எங்கள் வீட்டுக்காரர் சொல்வார்: "இங்க குளிரு வாரது, மாப்பிள வீட்டுக்கு வார மாதிரி. ரெண்டு நாளுதான் இருப்பாரு. ஆனா ஆர்ப்பாட்டம் தாங்காது."

அந்த வருஷம் மாப்பிள்ளை ஒரு வாரத்துக்கு மேல் தங்கிவிட்டார். தகரக் கூரை ராத்திரியில் ஐஸ் மாதிரி ஆகும். குழாயில் கை வைக்க முடியாது.

எங்களுக்குக் குளிர் என்றால் முதல் கவலை மாவுதான். மாவு பொங்காது. பொங்காத மாவில் இட்லி ஊற்றினால் எறிந்து விளையாடலாம். அதனால் எங்கள் சந்தில் ஒரு வழக்கம். எண்ணெய் டின்னின் மேல்பக்கத்தை வெட்டி, அதில் கரிக்கங்கு போட்டு, மாவு வைத்திருக்கிற அலுமினிய டோப்புகளுக்கு நடுவே வைப்போம். டோப்புகளைச் சாக்கும் பழைய சேலையும் போட்டு மூடுவோம். அறை சூடேறினதும் டின்னை வெளியே எடுத்துவிடுவோம். டோப்பு உள்ளே, கங்கு வெளியே. நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இப்படித்தான்.

ஏன் வெளியே எடுக்கிறோம் என்று யாரும் கேட்டதில்லை, யாரும் சொன்னதுமில்லை. தீப்பிடித்துவிடும் என்பதற்காக இருக்கும் என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

அந்த வாரம் குளிர் கூடக் கூட, டின் ஒவ்வொரு வீட்டிலும் உள்ளேயே தங்க ஆரம்பித்தது. "சாம்பல மேல தூவிட்டா விடியவிடியக் கெடக்கும்ட்டி. எம்மாவு டோப்ப விட்டு இறங்கி வாசலுக்கே வந்துட்டுது" என்று இசக்கியக்கா பெருமை அடித்தாள். அவள் வீட்டில் மகன், மருமகள், ஆறு மாசக் கைக்குழந்தை எல்லாரும் கீழ் அறையிலேதான் படுக்கை.

படியில் கேட்ட சத்தம்

சேட்டுக்கு அப்போது வயதாகிவிட்டது. வயிற்றுப் பக்கம் ரோமமே இல்லை. ராத்திரி ஷட்டரை இறக்கிய பிறகு, படியில் டக்டக்கென்று ஒரு சத்தம் கேட்கும். யாரோ நகத்தால் தட்டுகிறார்கள் என்று நினைத்தேன். சேட்டின் பல் அடித்துக்கொள்கிற சத்தம் அது.

முதல் நாள் சாக்கு போட்டேன். காலையில் சாக்கு ஈரமாக இருந்தது. பனி. இரண்டாம் நாள் திவ்யாவின் பழைய ஸ்கூல் ஸ்வெட்டரில் கால் நுழைய ஓட்டை போட்டு மாட்டினோம். மூன்றாம் நாள் காலையில் அவனால் எழுந்திருக்க முடியவில்லை. முன்னங்கால் ஊன்றுகிறான், பின்னங்கால் வரவில்லை. எங்களைப் பார்க்க வெட்கப்பட்ட மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

இசக்கியக்கா பார்த்துவிட்டுச் சொன்னாள்: "கெழட்டு உசிரு. இந்தக் குளிரத் தாண்டாது செல்வி. மனசத் தேத்திக்கோ."

அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் அந்தச் சொல் என் வயிற்றில் போய் உட்கார்ந்துகொண்டது. பகல் முழுவதும் மாவு கரைத்தேன், சட்னி அரைத்தேன், அது எழுந்திருக்கவேயில்லை.

அன்று ராத்திரி சட்டத்தை மீறினேன்.

ஷட்டரை முக்கால்வாசி இறக்கிவிட்டு, சேட்டைத் தூக்கி உள்ளே கொண்டுவந்தேன். வாசலைத் தாண்டும்போது என் கையிலேயே உடம்பை முறுக்கினான். உள்ளே வரக் கூடாது என்று அவனுக்குத் தெரிகிறதே! ஏணிக்கு அடியில் பலகை போட்டு, அதன்மேல் சாக்கை மடித்துப் படுக்க வைத்தேன். டின்னையும் வெளியே எடுக்கவில்லை. சாம்பலைத் தூவி அவன் பக்கமாக நகர்த்தி வைத்தேன்.

எங்கள் வீட்டுக்காரர் ஏணியில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே, "நா தூங்கிட்டேன்" என்றார்.

"ஆமா, தூங்கிட்டீக. ஏறிப் போங்க."

அடுத்த பயம் இசக்கியக்கா. எங்கள் புகைபோகிற ஓட்டை அவள் வாசல் பக்கமாகத் திறந்திருக்கும். சேட்டு குறட்டை விட்டால் அவளுக்குக் கேட்கும். இட்லி வீட்டுக்குள் நாய் என்று விடிவதற்குள் சந்து பூராவும் தெரிந்துவிடும். இரண்டு சாக்கைச் சுருட்டி ஓட்டையை அடைத்தேன். ஷட்டரைத் தரையோடு இறக்கினேன். இண்டு இடுக்கில்லாமல் அடைத்துவிட்டு, 'இனி என் பிள்ளைக்குக் குளிராது' என்று மேலே ஏறினேன்.

கொஞ்ச நேரத்தில் குறட்டை ஆரம்பித்தது. எங்கள் வீட்டுக்காரர் புரண்டு படுத்தார். "இந்தச் சத்தத்துல மனுசன் எப்படித் தூங்க?" எப்போதும் திறந்தே கிடக்கிற மரமூடியை எட்டி இழுத்துச் சாத்தினார்.

கதகதப்பு

அந்த மூடியைத்தான் இப்போது தூக்கினேன்.

வெதுவெதுப்பான காற்று முகத்தில் வந்து மோதியது. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. புகை இல்லை, நாற்றம் இல்லை, சத்தமும் இல்லை. இறங்கி லைட்டைப் போட்டால் மாவு அப்படிப் பொங்கியிருக்கிறது. என்றைக்கும் அப்படிப் பொங்கியதில்லை. சேலையைத் தள்ளிக்கொண்டு டோப்பின் விளிம்பில் நுரைத்து வழிகிறது. அதற்குப் பக்கத்தில் சேட்டு நாக்கு வெளியே தொங்கக் கிடந்தான்.

"சேட்டு."

காது அசையவில்லை.

குனிந்து தூக்கப் போனேன். என் முழங்கால் மடிந்தது. ஏணியைப் பிடித்துக்கொண்டேன். பயத்தில்தான் கால் ஆடுகிறது என்று நினைத்தேன். எப்படியோ ஷட்டரைத் தூக்கிவிட்டு, அவனை இழுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து விழுந்தேன். மேலேயிருந்து திவ்யா ஓடிவந்தாள். சேட்டின் விலாவில் காதை வைத்துக் கேட்டாள்.

"மம்மி, சாஸ் ச்சாலு ஹை! மூச்சு இருக்கு!"

ஷட்டர் சத்தத்துக்கு இசக்கியக்கா வெளியே வந்துவிட்டாள். "ஏட்டி, நாயி உள்ளயா கெடந்துச்சு?"

"இல்லக்கா" என்றேன். "படியிலதான் கெடந்தான்."

மடியில் நாயை வைத்துக்கொண்டு சொல்கிறேன். அவன் முதுகில் வழிந்த மாவு அப்பியிருக்கிறது.

செம்பூர் வரை

விடிய விடியத் திறந்திருக்கிற கால்நடை மருத்துவமனை செம்பூரில் இருப்பதாகத் திவ்யா போனில் பார்த்துச் சொன்னாள். அவளிடம் நாய் வாடை போக எல்லாவற்றையும் திறந்து போடு, மாவைத் தொடாதே என்று சொல்லிவிட்டு, எங்கள் வீட்டுக்காரர் ஸ்கூட்டரை எடுக்க, நான் சேட்டை மடியில் வைத்துப் பின்னால் உட்கார்ந்தேன். அவசரத்தில் அவன்மேல் ஒரு துணிகூடப் போடவில்லை.

சயான் தாண்டியதும் காற்று கத்தி மாதிரி அறுத்தது. சேட்டின் தலை என் கைக்கு வெளியே தொங்கியது. எந்தக் குளிருக்குப் பயந்து அவனை உள்ளே வைத்தேனோ, அந்தக் குளிர் முழுவதும் அவன் மூக்கில் அடிக்கிறது. முந்தானையை இழுத்து மூடப் பார்த்தேன், காற்று பிடுங்கிக்கொண்டது.

"உசிரு இருக்கா?" என்று அவர் திரும்பாமல் கேட்டுக்கொண்டே வந்தார். ஒவ்வொரு சிக்னலிலும் கேட்டார். "இருக்கு, நீங்க ரோட்டப் பாருங்க" என்றேன். இருக்கிறதா என்று எனக்கே தெரியாது. மருத்துவமனை வாசலில் ஸ்கூட்டர் நின்றபோதுதான் சேட்டு ஒரு தும்மல் போட்டான். நான் அங்கேயே அழுதுவிட்டேன்.

டாக்டர் சின்ன வயசுக்காரர், செம்பூர்த் தமிழ்ப் பையன். சேட்டின் உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தார். செக்கச்செவேல் என்று இருந்தது. "குளிர்ல விறைச்சா இப்படி இருக்காதும்மா. ராத்திரி எங்க படுக்க வெச்சீங்க? பக்கத்துல கரி அடுப்பு ஏதாவது இருந்துதா?"

எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சேட்டின் மூக்கில் ஆக்ஸிஜன் மாஸ்க்கை மாட்டினார்.

"குளிர் இவனை ஒண்ணும் பண்ணலை. மூடின ரூம்ல கங்கு இருந்தா விஷக்காத்து வரும். கண்ணுக்குத் தெரியாது, வாசனையும் கிடையாது. வர்ற வழியில அடிச்ச காத்துதான் இவன் இதுவரைக்கும் மூச்சு விடறதுக்குக் காரணம்." பேனாவை எடுத்துவிட்டு, ஏதோ தோன்றினவர் மாதிரி நிமிர்ந்தார். "நீங்கள்லாம் எங்க படுத்திருந்தீங்க?"

"மேல."

"மேல போற வழி திறந்தா இருந்துது?"

"எப்பவும் தெறந்துதான் கெடக்கும். நேத்துதான் மூடினோம். இவன் கொறட்ட தாங்காம."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். எங்கள் இரண்டு பேருக்கும் தலை வலிக்கிறதா என்று கேட்டார். வலித்தது. திவ்யாவுக்கு உடனே போன் போட்டு, வெளியிலேயே இரு, வீட்டுக்குள் போகாதே என்று சொல்ல வைத்தார். தலைவலி நிற்காவிட்டால் மூன்று பேரும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றார். எங்கள் வீட்டுக்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் பெஞ்சில் உட்கார்ந்தார்.  

"டாக்டர், எங்க சந்துல இந்த வாரம் எல்லா வீட்டுலயும் இப்படித்தான் வச்சிருக்காங்க" என்றேன்.

"அப்போ இங்க ஏம்மா நிக்கறீங்க? நாயை நான் பாத்துக்கறேன். போய்ச் சொல்லுங்க."

படியில் கிடந்த நாய்

சொல்வதென்றால் எப்படிச் சொல்வது? கங்கு என்று சொன்னால், நாய் எங்கே கிடந்தது என்று சொல்ல வேண்டும். நாய் உள்ளே கிடந்தது என்று சொன்னால், எங்கள் இட்லியை யார் தொடுவார்கள்? ஸ்கூட்டரில் திரும்பி வருகிற வழியெல்லாம் இதேதான். சேட்டு சாப்பிட்டதில் ஏதோ கோளாறு என்று சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தேன். ஆனால் கண்ணை மூடினால் இசக்கியக்கா வீட்டுக் கைக்குழந்தை தெரிந்தது. அது குறட்டை விடுகிற வயசுகூட இல்லை. மூச்சு நின்றால் யாருக்குக் கேட்கும்?

வந்ததும் முதல் வேலையாக, நாய் கிடந்த அறையில் பொங்கிக் கிடந்த அத்தனை டோப்பையும் சாக்கடையில் கவிழ்த்தேன். சந்தே வந்து பார்த்தது. பிறகு இசக்கியக்கா வாசலில் போய் நின்றேன்.

"யக்கா, நா ராத்திரி பொய் சொன்னேன்."

"தெரியும்ட்டி. படியில கெடந்த நாய்க்கு முதுகுல மாவு எங்கருந்து வரும்?"

பெண்கள் சிரித்தார்கள். "சேட்டு ஸ்பெசல் இட்லி!" என்று ஒருத்தி கத்தினாள். நான் நின்றபடியே ஓட்டை அடைத்ததிலிருந்து டாக்டர் பேனாவை வைத்ததுவரை சொன்னேன். சிரிப்பு நின்றது. இசக்கியக்கா மட்டும் உதட்டைப் பிதுக்கினாள்.

"நாங்க ஒரு வாரமா வைக்கோம். ஒரு ஈ செத்திருக்கா? ஒங்க நாய்க்கு வயசாயிட்டு. அதுக்கு எங்க கங்கு மேல பழியா?" உள்ளே போய்விட்டாள்.

டின் சத்தம்

சாயங்காலத்துக்குள் எங்கள் தலைவலி நின்றது, சேட்டும் வந்தான். எங்கள் வீட்டுக்காரர் தோளில் போட்டு ஏணி ஏறினார். இனிமேல் அவன் படுக்கை மேலே, எங்கள் கால்மாட்டில், பலகைமேல் இரண்டு மடிப்புக் கம்பளி. மூடியைச் சாத்துவதில்லை. புகைபோகிற ஓட்டையை அடைப்பதுமில்லை.

படுத்தபிறகு காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தேன். எதிர்வீட்டில் தகரம் தரையில் உராய்கிற சத்தம். டின்னை வெளியே இழுக்கிறார்கள். கொஞ்சம் தள்ளி இன்னொன்று. அப்புறம் மூலைவீடு. ஒவ்வொரு சத்தத்துக்கும் என் மூச்சு கொஞ்சம் இறங்கியது.

இசக்கியக்கா வீட்டில் மட்டும் சத்தமே இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம்தான். ஷட்டர் இறங்கியது கேட்டது. லைட் சுவிட்சு தட்டியதும் கேட்டது. டின் சத்தம் வரவில்லை.

எவ்வளவு நேரம் கிடந்தேனோ தெரியாது. குழந்தை அழுதால் நல்லது என்று வேண்டிக்கொண்டேன். எந்தப் பெண்ணாவது பக்கத்து வீட்டுக் குழந்தை அழ வேண்டும் என்று வேண்டுவாளா? அது அழவில்லை. எழுந்து கீழே போனேன். இட்லிக் கரண்டியை எடுத்து அவள் ஷட்டரில் ஓங்கித் தட்டினேன். பதில் இல்லை. மறுபடி தட்டினேன். கரண்டியைக் கீழே போட்டேன். ஷட்டரை வெளியிலிருந்தே தூக்கப் பார்த்தேன், அது உள்ளே பூட்டியிருந்தது. "யக்கா! யக்கா!" என்று கத்தினேன்.

ஷட்டர் சடாரென்று எழும்பியது. "எவ அவ? புள்ளய இப்பத்தான் தூங்க வச்சிருக்கு!"

அவளைத் தள்ளிக்கொண்டு உள்ளே பார்த்தேன். குழந்தை மருமகள் நெஞ்சில் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. டோப்புகளுக்கு நடுவே ஒன்றும் இல்லை.

"டின்னு எங்கக்கா?"

"பின்பக்கம் கெடக்கு. பொழுது சாயும்போதே எடுத்துட்டேன்."

"சத்தமே கேக்கலையே!"

"நீ கேக்கணும்னு தரையில இழுக்கணுமாட்டி? ரெண்டு கையாலயும் தூக்கில்லா வச்சேன்."

அங்கேயே அவள் படியில் உட்கார்ந்துவிட்டேன். அவள் திட்டிக்கொண்டே உள்ளே போனாள். திரும்பி வரும்போது கையில் ஒரு ரப்பர் வெந்நீர்ப் பை இருந்தது. குழந்தைக்கு வைக்கிறது.

"துணி சுத்தி வையி. வெறும் பைய வச்சா அதுக்கு வயிறு வெந்துபோகும், ரோமம் கெடையாது. காலையில திருப்பிக் கொடுத்துரு." ஷட்டரை இறக்கினாள். தரைவரை இறக்கவில்லை. ஒரு சாண் விட்டிருந்தாள்.

மேலே வந்து, பையைப் பழைய துண்டில் சுற்றி, சேட்டின் வயிற்றுக்கு அணைவாக வைத்தேன். முனகினான், உடம்பை நெளித்தான். பிறகு ஆரம்பித்தான், கிரைண்டரின் கடைசி உளுந்துச் சத்தம். எங்கள் வீட்டுக்காரர் புரண்டு படுத்தார், மூடியின் பக்கம் கை போகவில்லை.

சேட்டு அதற்குப் பிறகு இன்னொரு குளிரையும் பார்த்துவிட்டான். இதை எழுதும்போதும் கால்மாட்டில்தான் கிடக்கிறான். எந்தக் குறட்டையிலும் ஒரு இழுப்புக்கும் அடுத்த இழுப்புக்கும் நடுவே ஒரு இடைவெளி வரும். அந்த இடைவெளியில் நான் இன்றைக்கும் மூச்சு விடுவதில்லை.